ஐபி (மத்திய உளவுத்துறை) ஏசிஐஓ (உதவி மத்திய உளவு அதிகாரி) தேர்வில் அணுப் பாதுகாப்பை விருப்பத் துறையாகச் சொல்லப் போகிறவர்களுக்கு

முடிவு வந்துவிட்டது, அப்பாடா. முதல் நிலையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 60 நிமிடத்தில் 100 கேள்வி, தப்புக்குக் கால் மதிப்பெண் கழிவு. அதற்கு வியாசர்பாடியிலிருந்து திருவொற்றியூர் வரை தெருவுக்கு ஒருவர் வழி சொல்வார். அணுப் பாதுகாப்புக்குத் தனித்தாள் கிடையாது. அந்தத் துறைக்குப் போக நினைப்பவர்கள் இரண்டாம் நிலை விரிவான விடைகளிலும் நேர்முகத்திலும்தான் அதைக் காட்ட முடியும். அங்கே பலர் கோட்டை விடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: பேப்பரில் வந்ததை அப்படியே ஒப்பிப்பது.

இதற்கு மருந்து, படிக்கும் ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் தரம் போடுவது. தகவல் தந்தவருக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து. தகவலுக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். நல்ல ஆள் சொன்னார் என்பதற்காக எண் உயராது. எஃப், 6 என்றால் படுமோசம் என்று எழுதிவிடாதீர்கள். மதிப்பிட வழியில்லை என்றுதான் பொருள். படுமோசத்துக்கு ஈ, 5.

கூடங்குளத்தை எடுத்துப் பழகுங்கள். அங்கே கணினித் தாக்குதல் நடந்ததாகச் செய்தி பரவியபோது, 2019 அக்டோபர் 29 அன்று நிலையம் ஒரு மறுப்பு வெளியிட்டது. மறுநாளே, தீநிரல் (கணினிக்குள் புகுந்து கெடுக்கும் மென்பொருள்) இருந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் சொன்னது. "முதல் நாள் பொய், மறுநாள் உண்மை" என்று எழுதினால் அது டீக்கடை அரசியல். மறுப்பை வரிவரியாகப் படியுங்கள். பரவும் தகவல் தவறு என்று தொடங்கினாலும், தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அது அடித்துச் சொன்னது கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி மட்டும்தான். தீநிரல் இருந்ததோ நிர்வாக வேலைக்கான, இணைய இணைப்புள்ள கணினியில். ஒரே அறிக்கையில் ஒரு வாக்கியத்துக்கு 2, இன்னொன்றுக்கு 4 வரலாம்.

அடுத்தது 2021. மே மாதம் மும்பையில் 7 கிலோ யுரேனியம் பிடிபட்டது, மதிப்பு 21 கோடி ரூபாய் என்றார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் உறுதி செய்தது இயற்கை யுரேனியம் என்று. அதில் எளிதில் பிளவுபடும் வகையான யு-235 வெறும் 0.7 சதவீதம், அதாவது 50 கிராம் அளவுக்கு. அன்றைய உலகச் சந்தை விலையில் ஒரு லட்சம் ரூபாய்கூடத் தேறாது. ஜூனில் பொக்காரோவில் பிடித்ததோ யுரேனியமே இல்லை, கதிரியக்கமும் இல்லை என்று வெளியுறவு அமைச்சகம் பின்னர் சொன்னது. ஆகவே செறிவு என்ன, எடை என்ன, எந்த ஆய்வகம் சோதித்தது என்று மூன்றையும் கேளுங்கள். போலீஸ் சொல்லும் விலையை விடைத்தாளில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

குழப்பும் எண்கள்:

- உயர்செறிவு யுரேனியத்துக்கு 5 கிலோ, 25 கிலோ என்று இரண்டு எண்கள் வரும். யு-235 அளவு 5 கிலோவைத் தொட்டால் முதல் வகைக் காவல், அதாவது மிகக் கடுமையான காவல். 25 கிலோ என்பது ஒரு நாடு பொருளைத் திசைதிருப்புகிறதா என்று பன்னாட்டு அணுசக்தி முகமை சரிபார்க்கும்போது வைக்கும் அளவுகோல். புளூட்டோனியத்துக்கு இதே வரிசையில் 2, 8. மாற்றி எழுதினால் அடிப்படையே தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.
- அரை ஆயுள்: கோபால்ட்-60 5.27 ஆண்டு, சீசியம்-137 30 ஆண்டு, இரிடியம்-192 74 நாள்.

கடைசி எண் மணலிக்காரர்களுக்கு. சுத்திகரிப்பு ஆலைக் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கும் கேமராவில் இருப்பது பெரும்பாலும் இரிடியம்தான். அப்படி ஒன்று காணாமல் போய் ஒரு வருஷம் கழித்துக் கிடைத்தால், ஆரம்ப வீரியத்தில் முப்பதில் ஒரு பங்குதான் மிச்சம். சொந்த ஊரை வைத்துக் கேட்கும்போது இந்தக் கணக்கைச் சொன்னால் போதும், துறைமுகத்தின் வரலாறு வேண்டாம்.

காயலான் கடையையும் விட்டுவிடாதீர்கள். 2010-ல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியிலிருந்த கோபால்ட்-60 ஓர் உயிரை வாங்கியது. 1987-ல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியின் சீசியம் நான்கு பேரை. இரண்டிலும் பயங்கரவாதி கிடையாது. "தீவிரவாதம்" என்றே ஆரம்பிக்கும் கட்டுரைகள் இங்கேதான் தடுக்கி விழும். 1995 முதல் முகமை பராமரிக்கும் சம்பவப் பதிவேடு, கடத்தல் நோக்கம் உள்ளவை, நோக்கம் தெரியாதவை, நோக்கம் இல்லாதவை என்று மூன்றாகப் பிரிப்பதும் இதற்காகத்தான்.

விடையின் முதல் வரியில் முடிவைச் சொல்லிவிடுங்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பது ஒரு வாக்கியம். அந்தக் கணிப்பில் நமக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது வேறு வாக்கியம். ஒன்றாகக் கலந்தால் "பெரும்பாலும் நடக்கலாம் என்று உறுதியாகத் தோன்றுகிறது" மாதிரி வழவழாக்கள் வரும். எந்தப் புதுத் தகவல் வந்தால் முடிவை மாற்றுவீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

இது தனியாக உட்கார்ந்து ஓரக்குறிப்பு எழுதிப் படிப்பவர்களுக்கான முறை. குழுவாக விவாதித்துப் படிப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். வீட்டில் இடமில்லையென்றால் உட்கார்ந்து படிக்க கொளத்தூர் முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

"களத்தகவல்" வேண்டும் என்று கல்பாக்கம் பக்கம் கேமராவோடு போகாதீர்கள். அங்குள்ள அணுமின் வளாகம் தடைசெய்யப்பட்ட பகுதி. தேர்வுக்கு வேண்டியதெல்லாம் வெளியில் அச்சாகியே கிடக்கிறது.