சுக்கும் மிளகும்: ஒரு ஜெர்பில் நாட்குறிப்பு

நவம்பர் 8, 2025, சனி. லீட்ஸ், இங்கிலாந்து

மகளின் ஒன்றரை வருட நச்சரிப்பு இன்றோடு முடிந்தது. ஆதரவற்ற சிறு பிராணிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்திலிருந்து எலி போன்ற இரண்டு மங்கோலிய ஜெர்பில்களைக் கூட்டிவந்தாயிற்று. ஒரே ஈற்றில் பிறந்த ஆண்கள், 11 வாரம் ஆகிறது. பழுப்பு நிறத்தவன் சுக்கு, கறுப்பன் மிளகு. திப்பிலிக்கு இடமில்லை என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வீடு, ஒரு மீட்டர் நீளமுள்ள பழைய மீன்தொட்டி. மேலே கம்பிவலை மூடி. உள்ளே காகிதத் துகளும் காய்ந்த புல்லும் கலந்து 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பியிருக்கிறேன். தோண்டுவதுதான் இவற்றுக்குப் பிழைப்பே. ஒரு மூலையில் மண்குளியலுக்கு மணல் கிண்ணம், இன்னொரு மூலையில் தலைகீழாகத் தொங்கும் தண்ணீர் பாட்டில். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பத்தே நிமிடத்தில் புதைத்துவிடுமாம்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். இங்கே வெடி வெடித்துக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் நாள் புதன்கிழமையே முடிந்துவிட்டது என்று நினைத்து இன்றைக்கு நாள் குறித்தேன். இந்த ஊர்க்காரர்கள் மிச்ச வெடியையெல்லாம் வார இறுதியில்தான் கொளுத்துவார்கள் என்பது மறந்துபோயிற்று. ஏழு மணிக்கு முதல் வெடி. தொட்டிக்குள் பின்னங்காலால் தட் தட் தட் என்று சுக்கு அடித்த அடி, கூடம் முழுக்கக் கேட்டது. ஆபத்து என்று மற்றவனுக்குச் சொல்கிறானாம். அப்புறம் இருவரும் துகளுக்குள் போனவர்கள்தான். மூன்று பக்கமும் போர்வை போட்டு மூடிவிட்டுப் படுத்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆளையே காணோம். கண்ணாடி ஓரமாக ஒரு சுரங்கம் மட்டும் தெரிகிறது. முதல் சில நாள் தொந்தரவு செய்யக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நானே போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசளவு வெள்ளரித் துண்டு ஒன்று வைத்தேன். மாலையில் பார்த்தால் இல்லை.

செஞ்சியிலிருந்து அம்மா வீடியோ அழைப்பில் வந்தார். தொட்டியைக் காட்டினேன். "ஏம்பா, இது வெள்ளெலி மாதிரி இல்ல இருக்கு? நம்ம கடலைக் காட்டுல வங்கு வெட்டிப் பிடிப்பாங்களே!" அம்மா சொன்னது தப்பில்லை. நம் ஊர் வெள்ளெலியும் ஜெர்பில் குடும்பம்தான், கொஞ்சம் பெரிய உருவம். பாட்டிலைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காட்டுல அதுக்கு யாரு பாட்டில்ல தண்ணி வச்சது?"

நவம்பர் 10, திங்கள்

அம்மாவின் கேள்வி ராத்திரி முழுக்கக் குடைந்தது. காட்டில் பச்சை இலையும் தண்டும் வேரும் கிடைக்கும், விடியற்காலையில் பனியும் இருக்கும். இங்கே நாங்கள் போடுவது காய்ந்த விதை, காய்ந்த புல். குறைவாகக் குடிக்கும் பிராணி என்பதற்காகக் குடிக்கவே வேண்டாம் என்று விட்டுவிட முடியுமா?

பாட்டிலில் ஒட்டியிருந்த டேப் அடையாளத்துக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். சனிக்கிழமை மாலை 214 கிராம், இன்று காலை 213. இரண்டு பேர், ஒன்றரை நாள், ஒரே ஒரு மில்லி!

குழாயின் நுனியில் சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்குமே, பால்ரஸ், அதைப் போல ஒரு குண்டு. விரலால் அழுத்தினேன். முதலில் ஒரு சொட்டு வந்தது, அவ்வளவுதான். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. பாட்டிலைக் கழற்றி, விளிம்பு வரை நிரப்பி, இறுக்கி மூடி, கவிழ்த்து நாலு தட்டு தட்டியதும் ஒரு பெரிய குமிழி களக்கென்று மேலே போனது. அதன்பின் தொட்டபோதெல்லாம் தண்ணீர் வந்தது.

வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்காமல் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வெள்ளரித் துண்டுதான் காப்பாற்றியிருக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறதா, புழுக்கை சுருங்கிப் பொடியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நல்லவேளை, இல்லை.

இரவு 11.40: டிக் டிக் டிக் டிக். குண்டு உருளும் சத்தம். இருட்டில் அசையாமல் உட்கார்ந்து கேட்டேன். மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி. "குடிக்கிறாங்க" என்று செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

நவம்பர் 14, வெள்ளி

100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 7 மில்லி என்பது கணக்கு. விதை வைத்து ஒரு குவளைக்குள் வரவழைத்து எடை போட்டோம். சுக்கு 66, மிளகு 61. இரண்டு பேருக்கும் சேர்த்து 5 முதல் 9 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிகூட நிரம்பாது. செவ்வாய் 7, புதன் 8, வியாழன் 7. தாளில் எழுதிப் பாட்டில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள் மகள்.

இன்று காலை, 31.

வயிற்றைக் கலக்கியது. அளவுக்கு மீறிக் குடித்தால் சர்க்கரை நோயாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ இருக்கலாம். இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரியிலா என்று யோசிக்கும் அளவுக்கு நிதானம் வந்தது காபிக்கு அப்புறம்தான். கையை விட்டுத் துழாவினால், பாட்டிலுக்குக் கீழே துகள் சொதசொத என்று ஈரம். ராத்திரியோடு ராத்திரியாக மண்மேடு எழுப்பி, குழாய் நுனி அந்த மேட்டுக்குள் புதைந்திருக்கிறது. காகிதம் திரி போல உறிஞ்சி இழுத்துவிட்டது.

ஈரத்தையெல்லாம் அள்ளி எடுத்தேன். பூஞ்சை ஒருபுறம், ஈரக் காற்றில் இவற்றின் ரோமம் சிலிர்த்து எண்ணெய் வைத்த தலை மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொருபுறம். தோட்டத்திலிருந்து ஒரு தட்டைக் கல்லைக் கழுவிக் காயவைத்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, குழாய்க்கு நேர் கீழே திண்ணை போல வைத்தேன். இனி அங்கே தோண்ட முடியாது. கல்லில் நின்று கழுத்தைத் தூக்கினால் வாய்க்கு எட்டும் உயரத்தில் குழாய்.

நவம்பர் 17, திங்கள்

திண்ணை கட்டியும் சனி 13, ஞாயிறு 14. கல் ஈரமாக இருக்கிறது.

மகள் கேட்டாள்: "அப்பா, யாருமே குடிக்காட்டி எவ்வளவு குறையும்?" பள்ளியில் அறிவியல் சோதனை செய்கிறார்களாம். அதே மாதிரி பாட்டில் ஒன்றைத் தொட்டிக்கு வெளியே, பக்கத்திலேயே தொங்கவிட்டோம். யாரும் தொடாத பாட்டில், இன்று காலை 6 கிராம் குறைந்து நிற்கிறது!

சூடேற்றி காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும். தொட்டி இருப்பது அதற்கு இரண்டடி தள்ளி. பாட்டிலுக்குள் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று சூடாகி விரியும்போது தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடும், சொட்டும் கூடும். குளிருமே என்று இரக்கப்பட்டு அங்கே வைத்தது நான்தான். மங்கோலியப் புல்வெளியில் இவற்றின் சொந்தக்காரர்கள் பனிக்காலத்தையே வளைக்குள் கழிக்கிறார்கள். நம் வீட்டின் 19 டிகிரி இவர்களுக்குத் தாராளம்.

தொட்டியை எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம். வளை இடியாமல் நகர்த்த அரை மணி நேரம். முதுகு போயிற்று.

நவம்பர் 19, புதன்

செவ்வாய் 9, வெளிப் பாட்டில் 1. புதன் 8, வெளிப் பாட்டில் 1. வெளிப் பாட்டிலைக் கழித்தால் சரியான கணக்கு.

தூக்கம் வராமல் இவர்கள் பூர்வீகத்தைப் படித்தேன். பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் 1866இல் வட சீனாவிலிருந்து பாரிஸுக்கு அனுப்பியபோதுதான் ஐரோப்பிய விலங்கியலாளர்களுக்கு இவர்களைத் தெரியும். 1935இல் 20 ஜோடிகளைப் பிடித்து ஜப்பானிய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த வம்சத்தில் 11 ஜோடி 1954இல் அமெரிக்கா போனது. எங்கள் கூடத்தில் அட்டைக் குழாயைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கும் மிளகுக்கு இவ்வளவு பெரிய பயணக் கதை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இவர்களிடம் செல்லாது. ஒருவன் மேல் ஒருவன் குவிந்துதான் தூங்குகிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

பகலிலேயே வெளியே வருகிறார்கள். மணலில் புரள்கிறார்கள். மகளின் உள்ளங்கையில் இருந்த பூசணி விதையைச் சுக்கு எடுத்துக்கொண்டு ஓடாமல், அங்கேயே உட்கார்ந்து தோலுரித்துத் தின்றான். அவள் மூச்சே விடவில்லை. அடுத்து வந்த மிளகின் வாலைப் பிடிக்கக் கை நீட்டினாள், தடுத்துவிட்டேன். வாலைப் பிடித்து இழுத்தால் தோல் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும்.

நவம்பர் 30, ஞாயிறு

தினம் எடை போடுவதை நிறுத்தியாயிற்று. காலையில் குண்டைத் தொட்டுப் பார்ப்பது, தண்ணீர் மாற்றுவது, வாரம் ஒருமுறை பாட்டிலைத் தூரிகை விட்டுத் தேய்ப்பது, அவ்வளவுதான்.

அம்மா அழைத்தார். எடுத்ததும், "எலிங்க எத்தனை மில்லி குடிச்சிதுங்க?" வெள்ளெலிக்குப் பாட்டிலா என்று சிரித்தவர், இப்போது தினம் கணக்குக் கேட்கிறார்.

"அதெல்லாம் சரியா குடிக்குதுங்க. கல்லடைப்புக்கு டாக்டர் உன்னைத் தினம் ரெண்டு லிட்டர் குடிக்கச் சொன்னாரே, நீ எவ்வளவு குடிச்சே?"

"சிக்னல் சரியில்லப்பா" என்று வைத்துவிட்டார்.