வாயைத் திறக்கக் கற்றுக்கொண்ட முதலாண்டு

மருத்துவ இடம் கிடைத்த வாரத்தில் எங்கள் பள்ளியில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மறுநாள் நாளிதழில் படம் வந்தது. தலைமையாசிரியர் சிரிக்கிறார், அம்மா சிரிக்கிறார், சால்வை போர்த்தியவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். புகைப்படக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: என் முன்பற்கள் முழுக்கப் பழுப்புக் கறை. புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பற்கள் அவை.

அன்று ஒருவர் மைக்கை நீட்டி, என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டார். கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இதய அறுவைச் சிகிச்சை நிபுணர்" என்றேன். ஏன் இதயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. பெரிதாக ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது முதலாண்டுத் தேர்வை முடித்துவிட்டேன். இந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். சேரப்போகும் தம்பி தங்கைகளுக்காக, குறிப்பாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உள்ளே வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நீட் தேர்வைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நான் இரண்டாவது முறைதான் தேறினேன். 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360 என்பதை முதல் முறை சரியாக மதிக்கவில்லை. இரண்டாவது முறை மதித்தேன். ஆனால் அந்தத் தேர்வுக்கு ஒரு குணம் உண்டு. வாயே திறக்காமல் அதில் தேறிவிடலாம். நான்கில் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். இரண்டு வருடம் அப்படிப் பழகிய மூளையோடுதான் நாம் அனாட்டமி (உடற்கூறியல்) வகுப்பில் போய் உட்காருகிறோம்.

அங்கே நிலைமை நேர்மாறு. அனாட்டமி, பிசியாலஜி (உடலியங்கியல்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்) என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு நூறு மதிப்பெண்ணில் இரண்டு எழுத்துத் தாள்கள். பெரும்பகுதி விரிவாக எழுத வேண்டிய கேள்விகளும் சிறு குறிப்புகளும்தான். அதற்குமேல் செய்முறைத் தேர்வும் வைவாவும். ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பார், நாம் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும்.

என் முதல் வைவா மேல்கை எலும்பில் நடந்தது. எலும்பைக் கையில் கொடுத்து, இது வலதா இடதா என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். உருண்டைத் தலை உடம்பின் நடுப்பக்கம் பார்க்க வேண்டும், முழங்கை முனை வந்து பொருந்தும் பள்ளம் பின்பக்கம் இருக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் பக்கம் தானே தெரிந்துவிடும். வலது. மனதுக்குள் மூன்று முறை சொல்லிவிட்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆசிரியர் அரை நிமிடம் காத்திருந்துவிட்டு, "நெக்ஸ்ட்" என்றார். அந்த இன்டர்னலில், அதாவது கல்லூரியே வைக்கும் உள்தேர்வில், அனாட்டமி தோல்வி. விடுதியில் யாருக்கும் தெரியாமல் அழலாம் என்று மாடிக்குப் போனால், அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். முதல் இன்டர்னல் பெரும்பாலும் அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள்.

என்னை மீட்டவள் அறைத்தோழி. வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், இங்கே ஆங்கிலம் என்று மூன்றாவது மொழியில் படிக்கிறவள். அவளுக்கும் அதே கதைதான். சீனியர் அக்காவிடம் எலும்புப் பெட்டியை இரவல் வாங்கினோம். தினமும் இரவு உணவுக்குப் பிறகு ஒருத்தி பரீட்சகர், ஒருத்தி மாணவி. "சொல்லுடி, வலதா இடதா? எந்த நரம்பு இந்தப் பள்ளத்தில் ஓடுகிறது? இங்கே எலும்பு முறிந்தால் கை என்ன ஆகும்?" முதலில் தமிழில் சொல்வோம். தமிழில் தடுமாறாமல் வந்தபிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்வோம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆங்கில வரிகளை அப்படியே மனப்பாடம் செய்தால், பரீட்சகர் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டதும் எல்லாம் கலைந்துவிடும். எலும்பு நடுவில் உடைந்தால் பின்புறம் சுற்றி வரும் ரேடியல் நரம்பு அடிபடும், மணிக்கட்டு தொங்கிவிடும் என்று தமிழில் புரிந்தவளுக்கு ஆங்கிலம் நான்கு வார்த்தைதான்.

கையெழுத்துப் பயிற்சிபோல் தினம் ஒரு படம் வரையுங்கள். அக்குளில் நரம்புகள் பின்னிப் பிரியும் அந்தப் படத்தை நான் இரண்டு மாதம் தினமும் பழைய காகிதத்தில் வரைந்தேன். திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் படிக்கும் ஹிஸ்டாலஜிக்கு ஊதா, இளஞ்சிவப்பு இரண்டு பென்சில் போதும். ஸ்லைடில் உட்கருக்கள் ஊதா, மற்றவை பெரும்பாலும் இளஞ்சிவப்பு. முழு வண்ணப் பெட்டி வாங்கி நான் காசை வீணாக்கினேன்.

டிசெக்‌ஷன் ஹாலைப் பற்றி, இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தைப் பற்றி, எல்லாரும் கேட்கிறார்கள். முதல் நாள் உறுதிமொழி எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கண்ணைக் கரித்தது, மூக்கு ஒழுகியது. பயம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. போகாதது வேறொன்று. எங்கள் மேசையில் இருந்த பெரியவரின் விரல்களுக்கு அடியில் காய்ப்பு இருந்தது. கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்வரும் என் அப்பாவின் கை அப்படித்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த மேசையருகே நான் சத்தமாகப் பேசவே இல்லை.

பிசியாலஜி செய்முறையில் அவரவர் விரலைக் குத்தி ரத்தச் சிவப்பணு நிறமியான ஹீமோகுளோபினை அளக்க வேண்டும். பெண்களுக்கு நூறு மில்லி ரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டும். எனக்கு 9.5. மருத்துவம் படிக்க வந்த இடத்தில் முதலில் கண்டுபிடித்த நோயாளி நான்தான். விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லி நேரத்தைப் போக்காமல், அரசு தரும் இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுங்கள், கண்ணுகளா. தேநீரோடு மட்டும் சாப்பிடாதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

இனி பல்லுக்கு வருகிறேன். பயோகெமிஸ்ட்ரி வைவா. ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கு எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பாய் என்று பரீட்சகர் கேட்டார். சாம்பல் மூடி என்றேன். உள்ளே என்ன? சோடியம் புளோரைடு. எதற்கு? செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிவப்பணுக்களுக்குக் கிடையாது, அதனால் குழாய்க்குள் இருக்கும்போதும் அவை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். புளோரைடு எனோலேஸ் என்ற நொதியைத் தடுத்து அதை நிறுத்திவிடும். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் சர்க்கரை குறைந்துபோகும். எல்லாம் சொல்லிவிட்டேன், ஒரு கையால் வாயை மறைத்தபடி, மறு கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி. பிறகு அவர் கேட்டார்: "வேறு எங்கே பார்த்திருக்கிறாய், இந்தப் புளோரைடை?"

கையை வாயிலிருந்து எடுத்தேன். "இங்கே, சார்."

அவர் சிரிக்கவில்லை. பல்லின் மேல்பூச்சான எனாமலில் என்ன நடக்கிறது என்று கேட்டார். பல்லின் கனிமமான அபடைட் படிகத்தில் ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் புளோரைடு உட்காருகிறது, பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் உருவாகும்போதே இது நடந்துவிடுகிறது, அதனால் பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்றேன். செங்கல் பொடி, சாம்பல், உப்பு என்று நான் பத்து வருடம் தேய்த்தது ஏன் பலிக்கவில்லை என்பதும் அந்த நிமிடம்தான் எனக்கே முழுதாக விளங்கியது. என் தாத்தா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவார். மூட்டை தூக்கியதால் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் இந்தத் தண்ணீராக இருந்திருக்கலாம், எலும்பிலும் அது படியும்.

சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருகைப்பதிவு எழுத்துப் பாடத்துக்கு 75, செய்முறைக்கு 80 சதவீதம் வேண்டும், இதில் யாரும் இரக்கம் காட்ட மாட்டார்கள். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள்தான். புத்தகங்களைச் சேர்ந்த வாரமே வாங்காதீர்கள். சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். தங்கைகளே, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு மறக்காமல் விண்ணப்பியுங்கள். எனக்கு ரெக்கார்டு நோட்டும் ஊருக்கு பஸ் டிக்கெட்டும் அதில்தான். இன்னொன்று: ஊருக்குப் போனால் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு திண்ணையில் வரிசை நிற்கும். முதலாண்டு மாணவிக்கு மாத்திரை எழுதத் தெரியாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். எங்கள் பெரியம்மா இன்னும் நம்பவில்லை, நான் கர்வத்தால் மறைக்கிறேன் என்கிறார்.

இதய நிபுணர் ஆசை எங்கே போனது என்று கேட்பீர்கள். போகவில்லை, ஆனால் முன்வரிசையில் இல்லை. முதலாண்டிலேயே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் நமக்கு உண்டு. பலர் அதை ஒருநாள் சுற்றுலாவாக நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். எனக்குக் கிடைத்த வீடுகளில் ஒன்றில் பெரியவள் சிரித்தால் பழுப்பு, கடைக்குட்டி சிரித்தால் வெள்ளை. என் வீட்டிலும் அப்படியே: எனக்குக் கறை, எனக்கு எட்டு வருடம் இளைய தம்பிக்கு இல்லை. ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நான் அதற்கு முன், அவன் அதற்குப் பின். இருபது கிலோமீட்டரில் காவிரி ஓட, நாங்கள் பாறைக்கு அடியிலிருந்து இறைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வீட்டம்மாவிடம், குடிப்பது எந்தத் தண்ணீர் என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "ஒகேனக்கல் தண்ணீர்தான், அம்மணி." எழுதிக்கொண்டேன். எழும்போது அடுப்படியில் இரண்டு குடங்களைப் பார்த்தேன். இன்னொன்று எதற்கு? குழாய் வராத நாளில் சோறும் குழம்பும் போர்வெல் தண்ணீரில்தான், கொதிக்கவைத்துவிடுகிறோமே என்றார். கொதித்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "சமைக்க எந்தத் தண்ணீர்?" என்று எழுதினேன். மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன்.