அப்டேட் ஃபெயில் ஆனால் ஃபார்மேட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

"அப்டேட் ஏறவே மாட்டேங்குது" என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மேட் போட்டுடலாம் சார்." ஃபார்மேட் போட்டால் அப்டேட் ஏறிவிடும், உண்மைதான். கூடவே டேலி டேட்டா, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கல்யாண போட்டோ, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு என்று எல்லாம் போகும். விண்டோஸ் அப்டேட் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஃபைலைக்கூட இழக்காமல் சரிசெய்யலாம். எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் கை வைக்க வேண்டும். யூடியூபில் பார்த்த கமாண்டையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்ப்பதில்தான் பாதி மெஷின்கள் மேலும் குழம்புகின்றன.

டவுன்லோட் ஆகும்போதே நிற்கிறது என்றால் நெட், டிஸ்க் இடம், கடிகாரம் இந்த மூன்றைச் சந்தேகப்படுங்கள். டவுன்லோட் முடிந்து, டெஸ்க்டாப்பில் இருக்கும்போதே "இன்ஸ்டாலிங்" சதவீதம் ஏறி ஃபெயில் ஆனால், விண்டோஸின் சொந்த ஃபைல் கிடங்கில் சேதம். ரீஸ்டார்ட் ஆகி, நீலத்திரையிலோ கருப்புத்திரையிலோ சதவீதம் ஓடி, பிறகு "அன்டூயிங் சேஞ்சஸ்" என்று பின்வாங்கினால் டிரைவர் (பிரிண்டர், கிராஃபிக்ஸ் போன்றவற்றை இயக்கும் மென்பொருள்), ஆன்டிவைரஸ் அல்லது பூட் பார்ட்டிஷன் (விண்டோஸைத் தொடங்கிவைக்கும் டிஸ்க் பகுதி). ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு டெஸ்க்டாப்பே வரவில்லை என்றால் அது தனிக் கதை, கடைசியில் சொல்கிறேன்.

அடுத்தது எர்ரர் கோட். செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போனால் ஃபெயில் ஆன ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது இருக்கும். முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டுப் படியுங்கள். கோடை அப்படியே கூகுளில் போட்டால் ஒரே பதிலை நூறு தளங்கள் மாற்றி மாற்றி எழுதியிருக்கும். அதைவிட அதன் தலைப்பகுதியைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 8024 என்று தொடங்கினால் அப்டேட்டைக் கொண்டுவந்து சேர்க்கும் ஏஜென்ட்டில் சிக்கல். 800எஃப் என்று தொடங்கினால் ஃபைல்களைப் பொருத்தும் வேலையில் சிக்கல். சி1900101 என்றால் பெரிய வெர்ஷன் மாற்றத்தின்போது டிரைவர் தகராறு. 8007 என்று தொடங்குபவை விண்டோஸின் பொதுப் பிழைகள், அதில் கடைசி நான்கு இலக்கம்தான் விஷயம்: 0002 என்றால் ஃபைல் இல்லை, 0005 என்றால் அனுமதி இல்லை, 0070 என்றால் டிஸ்க்கில் இடமில்லை, 3712 என்றால் ஃபைல் கிடங்கு கெட்டிருக்கிறது. 8007க்கு அடுத்து 2 வந்தால் அநேகமாக நெட் சம்பந்தப்பட்டது.

கோட் கையில் வந்ததும், அப்டேட்களில் உள்ள கோளாறுகளை மைக்ரோசாஃப்ட் அறிவிக்கும் ரிலீஸ் ஹெல்த் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கோளாறு உங்கள் மெஷினில் இல்லாமல் அப்டேட்டிலேயே இருக்கலாம். 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற எண்ணுள்ள அப்டேட் ஒரு நல்ல உதாரணம். மீட்புக் கருவிகள் இருக்கும் ரெகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் இல்லாத மெஷின்களில் அது 80070643 என்று ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தது. அந்தக் கோடைப் பார்த்து யாரும் டிஸ்க் இடக்குறைவு என்று ஊகிக்க முடியாது. எத்தனை கமாண்ட் அடித்தாலும் பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் அது ஏறவில்லை.

மாதாந்திர அப்டேட் வருவது இரண்டாம் செவ்வாய். நம் நேரத்துக்கு அது செவ்வாய் இரவு பத்தரை மணி, அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் பதினொன்றரை. ஆக, சென்னை வீடுகளில் புதன் காலையில் மெஷினைப் போட்டதும் அது டவுன்லோடைத் தொடங்கும். அன்றைக்கு உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் 2 வரை என்று அறிவித்திருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்கும் "பாஸ்" பட்டனை அழுத்திவிடுங்கள். ஒரு 600 விஏ யுபிஎஸ் டெஸ்க்டாப்பைச் சில நிமிஷங்களுக்குத்தான் தாங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பெரிய அப்டேட் ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வீட்டு இன்வெர்ட்டரில் டெஸ்க்டாப் ஓடுகிறது என்றால் இன்வெர்ட்டரில் யுபிஎஸ், ஈகோ என்று சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈகோவில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஃபேனும் லைட்டும் கண்டுகொள்ளாத அந்த இடைவெளி கம்ப்யூட்டருக்குப் போதும்.

இப்போது டிஸ்க் இடம். பெரிய வெர்ஷன் அப்டேட்டுக்கு சி டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும், 30 இருந்தால் நிம்மதி. செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ் இரண்டையும் தாராளமாக டிக் செய்யலாம். அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்றும் ஒரு வரி இருக்கும். அது உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான், குப்பை இல்லை! ஈபி பில், ஹால் டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட் என்று வீட்டில் எல்லோரும் போட்டுவைக்கும் இடம் அது. அந்த டிக்கைத் தொடாதீர்கள். "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" என்பதை அழித்தால் நிறைய இடம் கிடைக்கும், ஆனால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் 10 நாள் வாய்ப்பு அத்தோடு முடிந்தது.

நெட்டில் முதலில் பார்க்க வேண்டியது, டேட்டாவை மிச்சப்படுத்தச் சொல்லும் செட்டிங்கான மீட்டர்டு கனெக்‌ஷன். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும் வீடுகளில் இது ஆன் ஆகியிருந்தால் அப்டேட் தானாக இறங்காது. ஆஃப் செய்தாலும், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி ப்ளானில் பல ஜிபி அப்டேட் பாதியிலேயே டேட்டாவைத் தின்றுவிடும், அதன்பிறகு 64 கேபிபிஎஸ் வேகத்தில் டைம் அவுட் ஆகும். 80072ஈஈ2 என்ற கோட் இப்படித்தான் வரும். பெரிய அப்டேட்டை பிராட்பேண்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் விபிஎன் போட்டிருந்தால் கழற்றுங்கள்.

80072எஃப்8எஃப் வந்தால் டாஸ்க்பாரில் தேதியைப் பாருங்கள். வருஷமே தப்பாக இருக்கும். தேதி தப்பானால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாதது என்று விண்டோஸ் முடிவுகட்டிவிடும், இணைப்பே நடக்காது. டெஸ்க்டாப்பில் இதற்குக் காரணம் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காயின் பேட்டரி. இரவில் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடும் வீடுகளில் கடிகாரம் முழுக்க இந்த பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரம் தீரும். சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டியதில்லை, பக்கத்து வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எழுத்து உள்ள பக்கம் மேலே தெரியும்படி மாற்றி, தேதியைச் சரிசெய்தால் அப்டேட் நேராக இறங்கும்.

8024 வகைக் கோடுகளுக்கும், ஒரே சதவீதத்தில் நாள்கணக்கில் நிற்கும் டவுன்லோடுக்கும் பாதி இறங்கிய ஃபைல்களைத் தள்ளிவைப்பதே மருந்து. ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடி அட்மினாகத் திறந்து, விண்டோஸ் அப்டேட், பேக்ரவுண்ட் இன்டெலிஜென்ட் ட்ரான்ஸ்ஃபர், கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் மூன்றையும் ஸ்டாப் செய்யுங்கள். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் "சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன்" ஃபோல்டரின் பெயரையும், சிஸ்டம்32க்குள் "கேட்ரூட்2" பெயரையும் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினாலே போதும், விண்டோஸ் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். கேட்ரூட்2 பக்கத்திலேயே 2 இல்லாத கேட்ரூட் என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டுவிடாதீர்கள், அது தானாகத் திரும்பி வராது. பெயர் மாற்ற விடாமல் "ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது" என்று வந்தால் நிறுத்திய சர்வீஸ் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது, திரும்ப நிறுத்திவிட்டு உடனே மாற்றுங்கள். பிறகு ரீஸ்டார்ட். அப்டேட் ஹிஸ்டரி காலியாகத் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை.

800எஃப்081எஃப், 80073712 போன்றவை வந்தால் கிடங்குச் சேதம். விண்டோஸ் தன் ஒவ்வொரு சிஸ்டம் ஃபைலுக்கும் ஒரு நல்ல நகலை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி என்ற கருவி கெட்ட ஃபைலை அந்த நகலிலிருந்து சரிசெய்யும். நகலே கெட்டிருந்தால் எஸ்எஃப்சி என்ன செய்யும்? அதனால்தான் முதலில் டிஐஎஸ்எம் ஓட்டிக் கிடங்கைச் சரிசெய்துவிட்டு, பிறகு எஸ்எஃப்சி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டு "ரெண்டும் ஓட்டியாச்சு, ஒண்ணும் ஆகலை" என்கிறார்கள். டெர்மினலை அட்மினாகத் திறந்து "டிஐஎஸ்எம் ஸ்லாஷ் ஆன்லைன் ஸ்லாஷ் கிளீனப்-இமேஜ் ஸ்லாஷ் ரீஸ்டோர்ஹெல்த்" என்ற கமாண்டை ஆங்கிலத்தில் அடியுங்கள், ஒவ்வொரு ஸ்லாஷுக்கு முன்னும் ஒரு ஸ்பேஸ். நல்ல ஃபைல்களை நெட்டிலிருந்து எடுக்கும் என்பதால் நெட் இருக்க வேண்டும். 62.3 சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பது சகஜம், விண்டோவை மூடிவிடாதீர்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட், அப்புறம் "எஸ்எஃப்சி ஸ்லாஷ் ஸ்கேன்நவ்". சில ஃபைல்களைச் சரிசெய்ய முடியவில்லை என்று எஸ்எஃப்சி சொன்னால் இன்னொரு முறை ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டிப் பயனில்லை.

கிடங்கு திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் குற்றவாளி டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் "கரண்ட் பெண்டிங் செக்டார்" (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் டிஸ்க் இடங்கள்) எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லையென்றால் ரிப்பேர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் போட்டோவையும் டாக்குமென்ட்டையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் செக்டிஸ்க் கருவியை ஓட்டினால் மிச்சமிருப்பதும் போய்விடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி மாற்றுவதே இங்கே சரியான செலவு, அப்டேட்டும் மணிக்கணக்கிலிருந்து நிமிஷக்கணக்குக்கு வந்துவிடும்.

"அன்டூயிங் சேஞ்சஸ்" ரகத்துக்கு: கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் செருகியிருக்கும் அனைத்தையும் பிடுங்குங்கள். பிரிண்டர், வெப்கேம், ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம். வெளி ஆன்டிவைரஸை டிஸேபிள் செய்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள், விண்டோஸ் டிஃபெண்டர் பார்த்துக்கொள்ளும். 800எஃப்0922 என்றால் பூட் பார்ட்டிஷனில் இடம் போதவில்லை, அல்லது விபிஎன் குறுக்கே நிற்கிறது.

இவ்வளவுக்கும் மசியாத மெஷினுக்கு ரிப்பேர் இன்ஸ்டால் இருக்கிறது. ஃபைலும் ஆப்பும் செட்டிங்ஸும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாக மேலே உட்காரும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் "ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்ற வரி இருக்கும், அதில் ரீஇன்ஸ்டால் நவ். அது இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ (விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கி, டபுள் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். பென் டிரைவில் பூட் செய்யக் கூடாது, விண்டோஸுக்குள் இருந்தபடிதான் ஓட்ட வேண்டும். ஐஎஸ்ஓ மொழியில் கவனம்: இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ், இங்கிலீஷ் இன்டர்நேஷனல் என்று இரண்டு இருக்கும். உங்கள் விண்டோஸ் முதலில் எந்த மொழியில் இன்ஸ்டால் ஆனதோ அதையே எடுங்கள். மாற்றி எடுத்தால் "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருக்கும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்திலேயே கேன்சல் செய்யுங்கள், தொடராதீர்கள்.

டெஸ்க்டாப்பே வராத மெஷினுக்கு வருவோம். டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருக்கும்வரை காத்திருங்கள், இரண்டு மணி நேரமானாலும் சரி. லைட் அசையாமல் கிடந்தால் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்துப் போடுங்கள். பூட் ஆகும்போது இப்படி மூன்று முறை அணைத்தால் ரெகவரி திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதில் "லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்". பெரும்பாலும் இதிலேயே மெஷின் எழுந்துவிடும். சில லேப்டாப்களில் இந்த இடத்தில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியின் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அந்த மெஷினில் நீங்கள் போட்டிருக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள் போன் பிரவுசரில் போய் எடுக்கலாம், ஆனால் அக்கவுன்ட் யாருடைய ஈமெயிலில் இருக்கிறது என்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. மெஷின் நன்றாக ஓடும்போதே அந்தக் கீயை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதன்பிறகு மாதாந்திர அப்டேட் வரவில்லை என்றால் அது கோளாறு இல்லை, மேலே சொன்ன எந்த வைத்தியமும் தேவையில்லை. 22எச்2 வெர்ஷனில் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "என்ரோல் நவ்" என்று வரும். அதை அழுத்தி, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் செட்டிங்ஸை சிங்க் செய்தால் காசு கட்டாமலேயே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் கிடைக்கும். விண்டோஸ் 11க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் சிப்பும் வேண்டும். நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சிப் உள்ள ரீஃபர்பிஷ்டு மெஷினில் யாராவது விண்டோஸ் 11 போட்டுத் தந்திருந்தால், அது சோதனையைத் தாண்டி ஏற்றியது. அடுத்த பெரிய வெர்ஷன் அதில் தானாக வராது, ஐஎஸ்ஓ வைத்துக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.