தராசு என்னும் சொல்லும் தானிஷ்நாமாவும்

பூம்பாறையில் மலைப்பூண்டு அறுவடையாகும் நாட்களில், நிறுத்து வாங்க வரும் வியாபாரியின் தராசைச் சுற்றி நின்று வளர்ந்தவன் நான். தராசு என்பது பாரசீகத்தின் 'தராஸூ' என்ற சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது என்பதை அறிந்திருந்தேன். ஆனால் மெய்யியலாளரும் மருத்துவருமான இப்னு சீனா அச்சொல்லைக் கொண்டே தருக்கவியலை விளக்கினார் என்பதை அவருடைய 'தானிஷ்நாமா' (அறிவு நூல்) என்ற பாரசீக நூலைப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். தருக்கம் தராசின் கல்வி, பிற கல்விகள் இலாப நட்டத்தின் கல்வி என்கிறார் அவர். நம்மிடமும் தருக்க நூலுக்கு அளவை நூல் என்றே பெயர். வஞ்சி நகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கச் செல்லும் மணிமேகலை, முதலில் அளவைவாதியைத்தான் சந்திக்கிறாள்.

தம் நூல்களில் பெரும்பாலானவற்றை அரபு மொழியில் எழுதியவர் இப்னு சீனா (980–1037). இசுபகானை ஆண்ட அலாவுத் தௌலா, முன்னோரின் ஐந்து கல்விகளைச் சுருக்கமாகத் தம் பேச்சுமொழியாகிய பாரசீகத்தில் தரும்படி கேட்டதால் இந்நூல் பிறந்தது. அதற்குமுன் அம்மொழியில் மெய்யியல் பெரிதும் எழுதப்படாததால் சொற்களையும் அவரே ஆக்க வேண்டியிருந்தது. 'எவ்வளவு' என்று பொருள்படும் 'சந்த்' என்பதிலிருந்து அளவைக் குறிக்கச் 'சந்தீ' என்றும், 'எப்படி' என்பதிலிருந்து தன்மையைக் குறிக்கச் 'சிகூனகீ' என்றும், 'எங்கே' என்பதிலிருந்து இடத்தைக் குறிக்கக் 'குஜாயீ' என்றும் எழுதினார். கேள்விச் சொல்லையே கலைச்சொல்லாக்கிய இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொடைக்கானல் பேருந்து ஏற்றத்தில் வேகமெடுப்பதை நாள்தோறும் பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, முடுக்குவதிலிருந்து வந்த 'முடுக்கம்' என்ற அறிவியல் சொல் எளிதில் விளங்குவதுபோல, அரசருக்கும் இச்சொற்கள் விளங்கியிருக்கும். அரபுச் சொற்களை அவர் முற்றிலும் விலக்கவும் இல்லை; உள்பொருளைக் குறிக்கும் 'ஜௌஹர்' போன்றவை அப்படியே நிற்கின்றன.

இயற்கையியலைக் கற்ற பிறகே இறையியலுக்கு வருவது வழக்கமாயிருக்க, இந்நூலில் தருக்கத்தை அடுத்து இறையியல் வருகிறது, இயற்கையியல் அதற்குப் பின்தான். கணிதப் பகுதிகள் தொலைந்துபோயின. அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி, ஆசிரியரின் பிற நூல்களிலிருந்து வடிவியல், வானியல், இசை, எண்கணிதம் ஆகியவற்றை எடுத்து, அரபு மொழியில் இருந்தவற்றைப் பாரசீகத்தில் பெயர்த்து, அந்த இடத்தை நிரப்பினார்.