பிரிட்ஜ் பிக்கப் மாற்றம்: நாலாவது தடவை திறந்தபோது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு என் எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் சுவிட்சை இரண்டாம் நிலைக்குத் தள்ளினேன். ஆம்ப் அமைதியாக இருந்தது. ஒரு கார்டு அடித்தேன். கண்ணாடி டம்ளரைச் சுண்டின மாதிரி அந்தச் சத்தம், குறையில்லாமல் வந்தது. அமைதியும் நல்ல சத்தமும் ஒரே நேரத்தில் கிடைப்பதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. ஒரு பிக்கப்பை (ஸ்ட்ரிங் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தமும் சுருளும்) மாற்றுவதற்காக, பிக்கப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டை நாலு தடவை கழற்றியிருக்கிறேன். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

கிட்டார் தாம்பரத்தில் ஒரு கல்லூரிப் பையனிடம் வாங்கியது. ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம். தலையில் இருந்த பெயரை அவனே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டான், அதனால் எந்தக் கம்பெனி என்று எனக்கும் தெரியாது. நெக் நேராக இருந்தது, ஃப்ரெட்டில் பெரிய தேய்மானம் இல்லை. 6,500 சொன்னான், 5,800-க்கு முடிந்தது. நாங்கள் இருப்பது திருவான்மியூர், கடற்கரைக்கு நாலு தெரு. வந்த இரண்டாம் மாதமே பிரிட்ஜ் ஸ்க்ரூ எல்லாம் செம்பட்டை பூத்துவிட்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் புலம்புகிறேன்.

உள்ளே பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் அடிமுனை) பக்கம் ஒன்று, நடுவில் மிடில், நெக் பக்கம் ஒன்று; மூன்றும் செராமிக் பிக்கப். இரும்புக் குச்சிகளுக்கு அடியில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருக்குமே, அந்த வகை. கிளீனில் குறை சொல்ல மாட்டேன். டிரைவ் (சத்தத்தைக் கரகரக்கவைப்பது) ஏற்றினால்தான் பிரிட்ஜ் பிக்கப் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினது போல இருந்தது. அதனால் அதை மட்டும் மாற்றுவது என்று முடிவு. பிக்கப் செட்டைத் தனித்தனியாகப் பிரித்து விற்ற ஒருவரிடமிருந்து அல்னிகோ 5 (குச்சிகளே காந்தமாக இருக்கும் வகை) பிரிட்ஜ் பிக்கப் 1,800-க்குக் கிடைத்தது.

வந்ததும் மீட்டரை வைத்துச் சுருளின் தடையை அளந்தேன். அவர் சொன்னது 6.5 கே (கிலோ ஓம்). எனக்குக் காட்டியது 6.9. ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு சாயங்காலம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும். பெட்டியில் அச்சடிக்கிற எண் 20 டிகிரியில் எடுத்ததாக இருந்தால், மே மாதத்து என் அறையின் 36 டிகிரியில் 6.9 வரத்தான் செய்யும். மனிதர் நல்லவர். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முதல் தடவை. மாட்டினேன், பிரிட்ஜ் மட்டும் பேசும் ஒன்றாம் நிலையில் அருமை. இரண்டாம் நிலைக்குப் போனால், அதாவது பிரிட்ஜும் மிடிலும் சேர்ந்தால், சத்தம் சூம்பிப்போனது. அடித்தொண்டையே இல்லாமல் மூக்கால் பேசுகிற மாதிரி. ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது என்று கேட்டதுமே தெரிந்தது. ஒன்று மட்டும் ஆச்சரியம்: அந்த நிலையில் ஹம் (கரண்ட் இரைச்சல்) சுத்தமாக இல்லை.

இரண்டாம் தடவை. ஃபேஸ் மாறியிருந்தால் என்ன செய்வோம்? பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பற்றவைப்போம். அதையே செய்தேன். சத்தம் முழுசாக வந்தது. கூடவே ஹம்மும் வந்தது. மிடிலும் நெக்கும் சேரும் நாலாம் நிலையில் பழையபடி அமைதி, இரண்டில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

எர்த் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வீட்டில் மூன்று துளை பிளக் இருக்கிறதே தவிர மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. ஃபேனுக்கு வேறு பழைய திருகு ரெகுலேட்டர். பாதியில் வைத்தால் ஆம்ப் வண்டாக ரீங்கரிக்கும், முழு வேகத்தில் வைத்தால் அடங்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது கேட்கவே வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். ஹம் அப்படியே இருந்தது. பிக்கார்டுக்கு அடியில் காப்பர் டேப் ஒட்டினேன், உயரமான கீச்சு கொஞ்சம் குறைந்தது. 50 ஹெர்ட்ஸ் அடி இரைச்சல் அசையவில்லை. அது காந்தப்புலமாக வருவது, மெல்லிய தாமிரத் தகட்டை மதிக்காது.

இங்கேதான் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். பிக்கப்பில் திசை இரண்டு உண்டு: காந்தத்தின் திசை, சுருள் சுற்றிய திசை. ஸ்ட்ரிங் தருகிற சிக்னல் எந்தப் பக்கம் புரள்கிறது என்பதற்கு இரண்டும் கணக்கு. ஹம்முக்குச் சுருளின் திசை மட்டும்தான் கணக்கு. காந்தமே இல்லாத வெறும் சுருளும் ஹம்மை வாங்கும். ஆக ஹம் அடிபட இரண்டு பிக்கப்பின் சுருளும் எதிரெதிரே இருக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டு சிக்னல் மட்டும் கூட வேண்டும் என்றால் காந்தமும் எதிரெதிரே இருக்க வேண்டும். என்னுடைய மிடிலும் புது பிரிட்ஜும் ஒரே காந்தத் திசை. அதனால்தான் சத்தம் மோசமாக இருந்தபோது அமைதி, சத்தம் சரியானபோது இரைச்சல். ஒயரை எத்தனை தடவை மாற்றினாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

(1954-இல் வந்த முதல் ஸ்ட்ராட்டில் இந்த வம்பே இல்லை. மூன்று பிக்கப்பும் ஒரே திசை, சுவிட்சும் மூன்று நிலைதான். ஐந்து நிலை சுவிட்சு கம்பெனியிலிருந்தே வந்தது 1977-இல். அதுவரை ஆட்கள் சுவிட்சை நடுவில் முட்டுக்கொடுத்து நிறுத்தி இந்தச் சத்தத்தை எடுத்திருக்கிறார்கள், ஹம்மோடுதான்.)

மாட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மீட்டரை 20 கே-யில் வைத்து பிக்கப்பின் ஒயரைக் கவ்விக்கொண்டு, குச்சிகளின் மேல் ஒரு இரும்பு ஸ்க்ரூ டிரைவரை ஒட்டவைத்து வெடுக்கென்று பிடுங்கினால் எண் ஒரு கணம் மேலே போகும் அல்லது கீழே போகும். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் போனால் ஃபேஸ் சரி. காந்தத்துக்குக் காம்பஸ். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். நான் செய்யவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

இப்போது காந்தத்தைத் திருப்ப வேண்டும். செராமிக் என்றால் அடிப்பட்டையை நெம்பி எடுத்துக் கவிழ்த்து ஒட்டிவிடலாம். இது அல்னிகோ குச்சி, குச்சி மேலேயே காப்பர் கம்பி சுற்றியிருக்கிறது. குச்சியை உருவினால் தலைமுடி போல மெல்லிய கம்பி அறுந்து கதை முடிந்தது. குச்சியை நகர்த்தாமல், இன்னொரு பெரிய காந்தத்தைக் காட்டி அதன் துருவத்தை மட்டும் மாற்றுவதுதான் வழி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடைக்கு வாங்கி வந்து பிரித்தேன். உள்ளே வாழைப்பழத் துண்டு போல வளைந்த காந்தம், விரல் நசுங்குகிற பலம். குச்சிகளின் மேல் வைத்து இழுத்துவிட்டுக் காம்பஸைக் காட்டினால் முதல் மூன்று குச்சி ஒரு துருவம், அடுத்த மூன்று மறு துருவம்! ஹார்ட் டிஸ்க் காந்தத்தின் ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு இருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன். அப்படியே மாட்டியிருந்தால் இரண்டாம் நிலையில் மூன்று ஸ்ட்ரிங் பேசும், மூன்று முனகும்.

பிறகு ஒழுங்காக நியோடிமியம் கட்டி இரண்டு ஆன்லைனில் வரவழைத்தேன். இரண்டையும் நேராகக் கையில் பிடிக்காதீர்கள், நடுவில் தோல் மாட்டினால் ரத்தக்கட்டுதான். நான் இரண்டு மரத்துண்டில் தனித்தனியாக ஒட்டி, ஒன்றை மேசையில் கவ்வவைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்தேன். பிக்கப்பின் மேல் முனை ஆரம்பத்தில் வடக்கு, ஆறு குச்சியையும் தெற்காக்க வேண்டும். அதனால் மேலிருந்து வரும் காந்தத்தின் வட முகம் குச்சியைப் பார்க்க வேண்டும், அடியில் தென் முகம். கிட்டே கொண்டுபோகும்போது முதலில் தள்ளுகிறது. எண்ணெய் தடவிய பந்தை அழுத்துகிற மாதிரி கை வழுக்குகிறது. ஒரு இடத்தில் அந்தத் தள்ளல் அப்படியே செத்து, படக்கென்று இழுத்துக்கொள்கிறது. குச்சி திரும்பிவிட்டது என்பது விரலிலேயே தெரியும். ஆறு குச்சிக்கும் இதைச் செய்தேன். இந்த மூன்று வாரத்தில் எனக்குப் பிடித்த பத்து நிமிடம் அதுதான்.

காம்பஸைக் காட்டினேன். பழையபடி வடக்கு என்றது. மறுபடி செய்தேன். வடக்கு. நாலு தடவை செய்தேன். விரலில் முதல் தடவைக்குப் பிறகு அந்தத் தள்ளலே இல்லை, ஆனால் முள் மட்டும் பிடிவாதமாக வடக்கு என்கிறது. வெறுத்துப்போய்க் காம்பஸை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அது அவர் வாஸ்து பார்க்க வைத்திருக்கிற காம்பஸ்.

காலையில் அப்பா கூப்பிட்டார். பால்கனியில் காம்பஸோடு நிற்கிறார்.

“டேய், இதை என்னடா பண்ணித் தொலைச்ச? சூரியன் மேற்கால உதிக்குதுங்குது.”

“நான் ஒண்ணும் பண்ணலியேப்பா.”

“பூஜை ரூம் ஈசானியத்துல இருந்தது, இப்ப கன்னி மூலைக்குப் போயிடுச்சு. ஒண்ணும் பண்ணலியாம்!”

கட்டிக் காந்தத்தின் பக்கத்தில் காம்பஸ் கிடந்திருக்கிறது. பிக்கப்போடு சேர்த்துக் காம்பஸ் முள்ளையும் திருப்பியிருக்கிறேன். பிக்கப் முதல் தடவையிலேயே சரியாகத்தான் திரும்பியிருந்தது. அதே காந்தத்தைக் காட்டி முள்ளையும் பழையபடி மாற்றிக் கொடுத்தேன். அப்பாவுக்கு இன்னும் அதன் மேல் நம்பிக்கை வரவில்லை.

மூன்றாம் தடவை. சந்தோஷமாக மாட்டி, ஆம்பைப் போட்டால் சூம்பிய சத்தமும் இருக்கிறது, ஹம்மும் இருக்கிறது! இரண்டு கெடுதலும் ஒன்றாக. காந்தத்தைத் திருப்பியவன், இரண்டாம் தடவை மாற்றிவைத்த ஒயரைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். எத்தனை விதம் உண்டோ அத்தனையிலும் மாட்டிப் பார்த்த ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாலாம் தடவைதான் நேற்று. ஒயரை மாற்ற மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. குமிழுக்கு அடியிலிருக்கும் பாட் முதுகில் எர்த் பற்றவைக்க மட்டும் என் 25 வாட் அயர்னோடு வழக்கமான மல்லுக்கட்டு. 60 வாட் வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பிக்கப் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து ஸ்ட்ரிங்குக்கும் குச்சிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் தடித்த ஈ-க்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈ-க்கு 2 மி.மீ. செராமிக்கை வைத்திருந்த உயரத்திலேயே இதையும் வைத்தால், அல்னிகோ குச்சி ஸ்ட்ரிங்கை இழுத்து மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி கலைகிறது. இறக்கியதும் சரியானது.

இன்னும் ஒரு நெருடல்: ஜி ஸ்ட்ரிங் கத்துகிறது. பழைய கால வடிவத்தில் ஜி குச்சி உயரமாக இருக்கும். அந்தக் காலத்தில் ஜி சுற்றுக்கம்பி, சத்தம் குறைவு, அதற்காக ஏற்றினார்கள். இப்போது நாம் போடுவது வெறுங்கம்பி, சும்மாவே சத்தம் அதிகம். இன்னும் அதே உயரத்தில் ஏன் செய்கிறார்களோ. குச்சியை உள்ளே தள்ளவும் முடியாது, காரணம் மேலே சொன்னதுதான்.

நெக் பிக்கப்பையும் மாற்றலாமா என்ற யோசனை இருக்கிறது. ஆனால் அதற்குள் பரண் மேலிருந்து பெரியப்பாவின் எலெக்ட்ரிக் மாண்டலின் இறங்கிவிட்டது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கச்சேரி கேட்டுவிட்டு மறு மாதமே வாங்கினாராம். பிக்கப்பில் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை, சுருள் அறுந்திருக்கிறது. நாமே சுற்றிப் பார்க்கலாம் என்று மோட்டார் ரீவைண்டிங் ஆட்களுக்குக் கம்பி விற்கும் கடையில் 42 கேஜ் கேட்டேன். எடைபோட்டும் விட்டார். விரலில் தொட்டுப் பார்த்தால் தடிமனாக இருந்தது. கிட்டார்க்காரர்கள் சொல்கிற 42 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு), 0.063 மி.மீ. இங்கே கடையில் 42 என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் கம்பி அளவு), அது 0.1 மி.மீ. ஒரு ஸ்ட்ராட் பிக்கப்புக்கு 8,000 சுற்று வரை போகும், அந்தத் தடிமனில் பாதிகூட பாபினில் (கம்பி சுற்றும் சட்டத்தில்) அடங்காது. நமக்கு வேண்டியது அவர் கணக்கில் 46. “அதெல்லாம் இருப்பு வைக்கிறதில்ல தம்பி, சொல்லி வச்சா ஒரு வாரத்துல வரும்” என்றார். சொல்லி வைத்திருக்கிறேன்.

பிக்கார்டில் பதினோரு ஸ்க்ரூவுக்கு மூன்றுதான் போட்டிருக்கிறேன். மீதி எட்டும் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் கிடக்கின்றன.