நாலாவது வாய்
முப்பத்தோரு வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தவள் நான். 1988இல் வேலைக்குச் சேர்ந்தபோது பிள்ளைகளைத் துணித் தொட்டிலில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டித்தான் எடை பார்ப்போம். முள் கொஞ்சம் இறங்கிவிட்டால் அன்று சாயந்திரமே அந்த வீட்டுக்குப் போய், "இன்னும் ஒரு வாய் சேர்த்து ஊட்டும்மா, சத்துமாவைப் பிள்ளைக்கே கொடு" என்று சொல்லிவிட்டு வருவேன். பிள்ளையின் எடையைக் குறித்து வைக்கும் எங்கள் அட்டையில் கோடு கீழே போனால்தான் கவலை. மேலே போகிற பிள்ளையை 'கொழுகொழுன்னு இருக்கான்' என்று கொஞ்சிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவோம்.

அந்தக் கண்ணோடுதான் என் பேரனையும் வளர்த்தேன். போன தை மாதம் சளி என்று டாக்டரிடம் தூக்கிப் போனோம். வயது இரண்டேகால், உயரம் 88 செ.மீ., எடை 15 கிலோ. அந்த உயரத்துக்கு 12 கிலோவை ஒட்டி இருந்தால் போதுமாம். கூடவே ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8. ஐந்து வயதுக்குள் 11க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் வீட்டில்! உடம்பில் சதை இருக்கிறது, ரத்தம் இல்லை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?" என்று டாக்டர் கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். நான்தானே கலக்குகிறவள். நாலு பாட்டில், ஒவ்வொன்றும் 240 மில்லி, தலைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாலே 600 கலோரிக்கு மேல், சர்க்கரை இன்னொரு 160. அவன் வயதுக்கு நாள் முழுவதற்கும் தேவையே ஆயிரத்தைச் சுற்றித்தான். பாலில் இரும்புச்சத்தும் பெயருக்குத்தான். வயிற்றைப் பால் நிரப்பிவிட்டால் கீரைக்கும் முட்டைக்கும் இடம் ஏது?

இதில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் வருஷத்தில் ஆறு கிலோ ஏறும். இரண்டாம் வருஷத்தில் இரண்டு, இரண்டரைதான். அதனால் ஒரு வயதுக்கு மேல் பசி தானாகவே குறையும். இது எனக்குப் பாடமாகவே தெரியும். ஆனாலும் அவன் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பியதும் 'சாப்பிடவே மாட்டேங்கிறான்' என்று போனைக் கையில் கொடுத்தோம். பாட்டு ஓடும், வாய் திறக்கும், உருண்டை உள்ளே போகும். வயிறு நிறைந்தது அவனுக்கே தெரியாது.

"போனைக் காட்டி ஊட்டிக் கெடுத்துட்டே" என்று மருமகளை ஒரு நாள் கடிந்தேன். "நீங்க உங்க மகனுக்கு நிலாவைக் காட்டி ஊட்டினதா சொன்னீங்களே அத்தை?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நிலாவாவது மாதத்தில் பாதி நாள் லீவு போடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வயதில் பட்டினி போடுவதோ எடையைக் குறைப்பதோ கூடாது, உயரம் வளரட்டும், எடை நின்றால் போதும் என்றார் டாக்டர். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். பாட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டோம். இரண்டு ராத்திரி தெருவே விழித்திருந்தது. இப்போது காலையிலும் மாலையிலும் ஒரு சின்ன டம்ளர் பால், சர்க்கரை கிடையாது. என்ன சமைப்பது, எப்போது வைப்பது என்பது எங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் பாடு. முருங்கைக்கீரையை ஏழெட்டுத் தடவை துப்பினான். அப்புறம் ஒரு நாள் பருப்போடு பிசைந்ததை அவனாகவே அள்ளித் தின்றான். தாத்தா சட்டைப் பையில் பிஸ்கட் வைத்திருப்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 90 செ.மீ., 15.2 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடைக்கு இன்னும் மேலேதான், ஆனாலும் டாக்டர் சிரித்தார்.

நேற்று மூன்று வாய் ரசம் சோறு தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பழக்க தோஷம், நாலாவது உருண்டையோடு என் கை எழுந்துவிட்டது. மருமகள் பார்த்துக்கொண்டே நின்றாள். சரி என்று அதை என் வாயில் போட்டுக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை இருப்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.