சுவருக்கு முன் விளக்கைப் பார்க்கிறேன்

பினாங்கில் வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலை எனக்கு. தீபாவளி நெருங்க நெருங்க மூச்சுவிட நேரம் இருக்காது. முன்பு பச்சை, ரோஸ் என்று கேட்டவர்கள் இப்போது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, இதே வார்ம் வைட் வேணும்" என்கிறார்கள். எனக்கும் அந்த நிறம் மிகவும் பிடிக்கும். ஆனால் கலர் கார்டை விரிக்கும் முன் அண்ணாந்து விளக்கைத்தான் பார்ப்பேன்.

வெள்ளைச் சாயத்தில் துளி மஞ்சளோ காவியோ, சில நேரம் கொஞ்சம் கறுப்போ சேர்த்தால் வார்ம் வைட். சேர்ப்பது கொஞ்சம்தான் என்பதால், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் சாயல் சுவரில் ஏறிவிடும். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்குகள். அந்த நீல வெளிச்சத்தில் இந்த நிறம் மங்கி, பழைய சுவராகத் தெரியும். 2700, 3000 கெல்வின் விளக்கு போட்டால் அதே சுவர் இதமாகிவிடும். அதற்காக மஞ்சள் கூடிய சாயத்தை எடுத்தால், இரவில் வெண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும்.

ஆயர் ஈத்தாமில் ஒரு அக்காவின் வரிசை வீடு. கூடத்தில் செங்கல் நிறத் தரை ஓடு. அவர் தேர்ந்தெடுத்திருந்தது லேசாகக் காவி ஓடும் வெள்ளை. "வாளி வாங்க வேண்டாம் அக்கா, முதலில் பலகையில் பார்ப்போம்" என்றேன். ஒட்டுப்பலகைத் துண்டுகளில் இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டு, தரையை ஒட்டி ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒன்று என்று சாய்த்துவைத்தேன். மதியம் வெயில் தரையில் பட்டதும் கீழே இருந்த பலகை மட்டும் சிவந்தது. இரவு அவரே அழைத்தார்: "தம்பி, ரோஸ் அடிக்குதே!" காவியை விட்டு, சாம்பல் கலந்த மஞ்சள் சாயலுக்குப் போனோம். கூடத்து விளக்கையும் மாற்றினார்.

வடக்கு அறையில் வெளிச்சம் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே இதமான நிறம் அடியுங்கள் என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது ஐரோப்பாவுக்குச் சரி. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கில்தான் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலிலும் வெயில் அடிக்கும். இங்கே கிழக்கும் மேற்கும்தான் கணக்கு. மேற்கு அறைக்கு மாலை வெயிலே போதுமான மஞ்சளைக் கொடுத்துவிடும். அங்கே சாயலைக் குறைத்துக்கொள்வேன்.

2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் வேறு விஷயம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். மேலே பிளாஸ்டிக் சாயம் அடித்து மூடினால் கொப்புளம் கிளம்பி உரியும். அங்கே நிறத்தைப் பற்றிப் பேசும் முன் ஈரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரின் மென்மையை எந்த வாளிச் சாயத்திலும் நான் கண்டதில்லை.

சாமி மேடைச் சுவருக்கு மட்டும் அதே நிறத்தில் கழுவக்கூடிய சாயம் அடிப்பேன். விளக்குப் புகையும் சாம்பிராணிக் கரியும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மிச்சச் சாயத்தை இறுக மூடி, சாயக் கலவையின் குறியீட்டு எண்ணை மூடியில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். பிறகு ஒரு கீறலை மறைக்க நினைத்து, கடையில் "அதே வெள்ளை" என்று கேட்டால் கிடைக்காது.